கிரேஸி ஹார்ஸஸ் பாடிய பையன்கள் ஏன் பரலோக யுத்தத்தைப் பாடினார்கள்?

கேள்வி இதுதான்: ஆஸ்மண்ட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்பப் பாப் குழு 1973-இல் 'தி பிளான்' என்றொரு ஆல்பம் வெளியிட்டது. அது அவர்களுடைய மார்மன் மதத்தைப் பற்றியது என்கிறார்கள். கேட்டால் மதப் பாட்டு மாதிரியே இல்லை. உண்மையில் அதில் என்ன இருக்கிறது, ஏன் எடுபடவில்லை, இப்போது கேட்கலாமா?

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. முதல்தடவை கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பாட்டு கனமான ராக், அடுத்தது தாலாட்டு மாதிரி, அப்புறம் ஒரு காதல் பாட்டு, இடையில் சினிமாக்காரன் ஒருவன் வருகிறான், கடைசியில் யாரோ வீட்டுக்குப் போகவேண்டும் என்று துடிக்கிறார்கள். வேறு வேறு குழுக்களின் பாட்டுகளை ஒரே இசைத்தட்டில் போட்டுவிட்டார்களோ என்று தோன்றியது. மார்மன்கள் எதை நம்புகிறார்கள் என்று கொஞ்சம் படித்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். அதே பாட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. பிரசங்கம் அதிகமாகிப்போனதால்தான் ஆல்பம் தோற்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. சொல்லவேண்டியதை வெளிப்படையாகச் சொல்லாமல் பாதி மறைத்துவிட்டார்கள்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊர்க்காரர்கள். அப்பா ஜார்ஜ், அம்மா ஆலிவ், பிள்ளைகள் ஒன்பது பேர். மூத்தவர்கள் வர்ல், டாம் இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. அண்ணன்களுக்குக் காதுக்கருவி வாங்கப் பணம் சேர்க்கத்தான் தம்பிகள் ஊருக்குள் பாட ஆரம்பித்தார்கள் என்பது அந்தக் குடும்பம் எப்போதும் சொல்லும் கதை. ஆலன், வெய்ன், மெரில், ஜே என்று நாலு சிறுவர்கள், பார்பர்ஷாப் பாணியில் நாலு குரல். டிஸ்னிலேண்டில் பாடினார்கள். 1962-இலிருந்து பாடகர் ஆண்டி வில்லியம்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரத் தொடங்கினார்கள். அடுத்தவன் டானி பிறகு சேர்ந்துகொண்டான். 1970 வரைக்கும் இவர்கள் பெரியவர்கள் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கும் ஒழுக்கமான பிள்ளைகள், அவ்வளவுதான்.

எம்ஜிஎம் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் மைக் கர்ப் அவர்களை அலபாமாவில் மசில் ஷோல்ஸில் இருந்த ஃபேம் ஸ்டுடியோவுக்கு அனுப்பினார். அங்கே ரிக் ஹாலின் தயாரிப்பில் பதிவான 'ஒன் பேட் ஆப்பிள்' 1971-இல் அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. மைக்கேல் ஜாக்சன் சிறுவனாக அண்ணன்களோடு பாடிய ஜாக்சன் 5 குழு பாடினதோ என்று கேட்டவர்கள் ஏமாந்துபோகும் அளவுக்கு அந்தப் பாணி. அங்கிருந்துதான் பைத்தியம் தொடங்கியது. டானி தனியாகவும் பாட ஆரம்பித்தான். அவன் பாடிய 'பப்பி லவ்' 1972-இல் பிரிட்டனில் முதலிடம். அதே ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒன்பது வயதுக் கடைக்குட்டி ஜிம்மியும் 'லாங் ஹேர்ட் லவர் ஃப்ரம் லிவர்பூல்' பாடி முதலிடம் பிடித்துவிட்டான். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் தங்கத்தட்டுதான்.

இதில் மூத்த பையன்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வாத்தியங்களை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள், சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவர்கள். ஆனால் கூட்டத்தில் பெண்பிள்ளைகள் அலறுவது தம்பியின் பெயரை. அதற்கு அவர்கள் கொடுத்த பதில்தான் 1972-இல் வந்த 'கிரேஸி ஹார்ஸஸ்'. இந்த ஒரு பாட்டையாவது கேட்டுவிடுங்கள். வழக்கமாகப் பாடும் மெரிலுக்குப் பதில் டிரம்ஸ் வாசிக்கும் ஜே கரகரத்த தொண்டையில் கத்துகிறார். குதிரை கனைப்பது மாதிரி ஒரு சத்தம் மேலே கீழே வழுக்கிக்கொண்டு போகும். அது கிடார் இல்லை, ஆர்கனில் எழுப்பியது. பாட்டின் பொருளோ கார்ப் புகை. கிரேஸி ஹார்ஸஸ் என்பவை புகை கக்கிக்கொண்டு ஓடும் கார்கள். பிரிட்டனில் இரண்டாமிடம் வரை போனது. நாங்கள் பொம்மைகள் இல்லை என்று ஊருக்கு நிரூபித்தாயிற்று. ஆலன், வெய்ன், மெரில் மூன்று பேரும் அடுத்து எழுத உட்கார்ந்தபோது கையில் எடுத்தது, சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த ஒரே பெரிய கதையை. ஆலனுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை. தயாரிப்பும் அவர் கையில்தான் இருந்தது.

அந்தக் கதை தெரியாமல் ஆல்பம் புரியாது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மார்மன்கள் என்று ஊர் சொல்கிறவர்களின் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. அவரை 1844-இல் இல்லினாயில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. மிஞ்சியவர்களில் பெரும்பகுதியினரைப் பிரிகாம் யங் மேற்கே நடத்திக்கொண்டு போய் 1847-இல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேற்றினார். யூட்டா மார்மன் நாடாக ஆனது அப்படித்தான். பைபிளோடு மார்மன் புஸ்தகத்தையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். மது, புகை, காபி, தேநீர் எதுவும் கிடையாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. இதெல்லாம் வெளியே தெரிகிற விஷயம்.

உள்ளே இருப்பதுதான் 'இரட்சிப்பின் திட்டம்'. ஆல்பத்தின் பெயர் இதிலிருந்து வந்தது. மார்மன் கணக்கில் மனிதனின் கதை பிறப்பில் தொடங்குவதில்லை. பிறப்பதற்கு முன்பே நாமெல்லாரும் ஆவிப் பிள்ளைகளாகக் கடவுளோடு வாழ்ந்திருக்கிறோம். பரலோகத்தில் ஒருநாள் பெரிய சபை கூடியது. பிள்ளைகள் பூமிக்குப் போய், உடம்பு எடுத்து, சோதிக்கப்பட்டு, வளர்ந்து திரும்பவேண்டும் என்பது தந்தையின் திட்டம். லூசிபர் எழுந்து, நான் போகிறேன், ஒருவரையும் தவறவிடாமல் அத்தனை பேரையும் மீட்டுக்கொண்டு வருகிறேன், மகிமை எனக்கு வேண்டும் என்றான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் யாருக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்காது. இயேசுவோ தந்தையின் விருப்பப்படியே போகச் சம்மதித்தார். சண்டை மூண்டது. மூன்றில் ஒரு பங்கு ஆவிகள் லூசிபரோடு போய்த் தள்ளப்பட்டார்கள். மீதிப்பேர்தான் நாம். பிறக்கும்போது ஒரு திரை விழுந்து முன்பு நடந்ததெல்லாம் மறந்துபோகிறது.

முற்பிறவி என்ற சொல் நம் வாயில் சட்டென்று வரும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மறுபடி மறுபடி பிறப்பது இதில் இல்லை, கர்மக் கணக்கும் இல்லை. ஒரே ஒரு வருகை, ஒரே ஒரு வாழ்க்கை. அதற்கு முன்னால் ஒரு நீண்ட காலம், பின்னால் ஒரு நீண்ட காலம். செத்தபின் உயிர்த்தெழுதலும் நியாயத்தீர்ப்பும். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று ஒளியில் வேறுபடுவதுபோல் மூன்று படிநிலை மகிமைகள். மேல்படிக்குப் போகிறவர்கள் குடும்பத்தோடு போகிறார்கள். ஆலயத்தில் செய்யும் திருமணம் சாவோடு முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படி உயர்ந்தவர்கள் தெய்வத்தன்மையை அடையலாம் என்பதுவரை அது போகிறது. மற்றக் கிறிஸ்தவர்கள் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான்.

இதைப் பாட்டாக்கும் யோசனை ஆஸ்மண்ட் பையன்களுக்குத் திடீரென்று உதித்ததில்லை. 1845-இலேயே எலைசா ஸ்னோ என்ற பெண் எழுதிய 'ஓ மை ஃபாதர்' என்ற கீதம் இதையேதான் பாடுகிறது. பிறப்புக்கு முந்தைய வீடு, மறந்துபோன தந்தை, அங்கே ஒரு தாயும் இருக்கவேண்டுமே என்ற யோசனை எல்லாம் அதில் உண்டு. யூட்டாவில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். இந்த ஆல்பம் வந்த அதே காலத்தில் 'சாட்டர்டேஸ் வாரியர்' என்று ஒரு மார்மன் இசை நாடகமும் உருவானது. பிறக்குமுன்பே ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டு பூமிக்கு வரும் ஒரு குடும்பத்தின் கதை அது. மார்மன் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அதை மேடையேற்றினார்கள். காரணம் எளிது, பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் கதை முன்பே தெரியும்.

இப்போது ஆல்பத்துக்கு வருவோம். முதலில் வருவது 'வார் இன் ஹெவன்'. பாட்டு என்பதைவிடத் தொடக்க இசை என்று சொல்லலாம். லூசிபரின் சண்டைதான் அது. அடுத்த நிமிஷம் 'டிராஃபிக் இன் மை மைண்ட்'. பரலோகத்துச் சண்டை ஒரு மனிதனின் மண்டைக்குள் போக்குவரத்து நெரிசலாக மாறிவிட்டது. கடித்துத் துப்பும் கிடார். மூன்றாவதாக 'பிஃபோர் தி பிகினிங்' வந்ததும் எல்லாச் சத்தமும் அடங்கிவிடுகிறது. அண்ணன் தம்பிகளின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தொடக்கத்துக்கும் முன்னால் நாம் இருந்த இடத்தை நினைத்துப் பார்க்கின்றன. கடவுள் இருப்பதுபோல் மனிதனும் ஆகலாம் என்ற அந்த விவகாரமான கருத்து மிகவும் மென்மையாகச் சொல்லப்படுவது இந்தப் பாட்டில்தான். பதின்மூன்று வயதுப் பெண்கள் சுவரொட்டிக்காக வாங்கிய தட்டில் இப்படி ஒரு விஷயம் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

'மூவி மேன்' வினோதமான பாட்டு. நம் வாழ்க்கை முழுவதையும் ஒருவன் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறான். நியாயத்தீர்ப்பு நாளில் திறக்கப்படும் கணக்குப் புத்தகத்துக்குப் பதில் ஃபிலிம் ரோல், அப்படித்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். சிறுவயதிலிருந்தே கேமரா முன்னால் வளர்ந்த பையன்களுக்கு வேறு எந்த உவமை தோன்றும்? 'ஆர் யூ அப் தேர்?' நேரடியாக மேலே பார்த்துக் கேட்கும் கேள்வி. 'மிரர், மிரர்' எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை.

'லெட் மீ இன்' பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மெரிலின் குரல் மெதுவாகத் தொடங்கி, வாத்தியக்குழு சேர்ந்து, உச்சத்தில் கதவைத் தட்டுகிற மாதிரி முடியும். உள்ளே விடு என்று கேட்கிறவன் காதலன் என்று எடுத்துக்கொண்டாலும் பாட்டு நிற்கும். கடவுளிடம் கேட்கிறான் என்றாலும் நிற்கும். நாயகி பாவத்தில் ஊறிய பாசுரங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பிரிட்டனில் இது இரண்டாமிடம் போனது. வாங்கியவர்களில் முக்கால்வாசிப்பேர் காதல் பாட்டாகத்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

முடிவை நெருங்கும்போது 'தி லாஸ்ட் டேஸ்'. கடைசி நாட்கள், சண்டை, குழப்பம். சபையின் பெயரிலேயே உள்ள பிற்காலம் என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் 'கோயின் ஹோம்'. பாடுகிறவன் தன்னை வேறு ஓர் இடத்திலிருந்து வந்த விண்வெளி மனிதன் என்கிறான், சீக்கிரம் திரும்பவேண்டும் என்று அவசரப்படுகிறான். சந்திரனில் ஆள் நடந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, கேட்டவர்களுக்கு அது அறிவியல் புனைகதை மாதிரி இருந்திருக்கும். அல்லது ஊர் ஊராகச் சுற்றிக் களைத்த பாடகப் பையனின் ஏக்கம். மார்மன் காதுக்கோ ஒரே பொருள்தான்: பிறப்புக்கு முந்தைய வீட்டுக்குத் திரும்புவது. கடவுளின் சிம்மாசனத்துக்கு அருகில் கோலாப் என்ற நட்சத்திரம் இருப்பதாக அவர்களுடைய வேதத்தில் உண்டு, அதனால் விண்வெளியும் வீடும் ஒன்றாவதில் அவர்களுக்கு ஆச்சரியமில்லை. பின்னால் 1978-இல் வந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரில் கோபோல் என்ற பூர்வீகக் கிரகம் வரும். அதை உருவாக்கிய கிளென் லார்சனும் மார்மன்தான்.

ஆக, பாட்டுகளுக்குள் இவ்வளவு இருக்கிறது. ஆனால் எந்தப் பாட்டும் நின்று விளக்கவில்லை. மார்மன் என்ற சொல்லையோ ஜோசப் ஸ்மித்தின் பெயரையோ தேடினால் கிடைக்காது. கதை பாட்டு வரிகளில் இருப்பதைவிட பாட்டுகளின் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையும் நேர்க்கோட்டில் போகவில்லை. சண்டை முதலில், பூமி அடுத்து, அப்புறம் திரும்ப ஆதிக்கு. தி ஹூ குழுவின் 'டாமி' 1969-இல் வந்தபோது அதில் ஒரு சிறுவன் இருந்தான், அவனுக்கு நடப்பதைப் பின்தொடரலாம். 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' 1970-இல் தட்டாக வந்தது, கதையோ அத்தனை பேருக்கும் மனப்பாடம். 'தி பிளான்' ஆல்பத்தில் கதாபாத்திரமும் இல்லை, ஊரறிந்த கதையும் இல்லை. வரைபடம் யூட்டாக்காரர்களிடம் மட்டும் இருந்தது. அவர்களுக்கு அந்தப் பயணம் புதிதும் இல்லை.

பயந்து மறைத்தார்களா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. பேட்டிகளில் மதத்தைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் பேசுவார்கள். மார்மன் இளைஞர்கள் அந்தக் காலத்தில் 19 வயதில் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, வீடு வீடாகக் கதவு தட்டுதல். இந்தப் பையன்கள் அந்த வயதில் மேடையில் இருந்தார்கள். பாட்டுதான் எங்கள் ஊழியம் என்ற எண்ணம் அந்த வீட்டில் இருந்தது. ஆனால் கதவு தட்டும் ஊழியனுக்கு ஒரு வசதி உண்டு, புரியவில்லை என்றால் உட்கார்ந்து விளக்கலாம். இசைத்தட்டு அதைச் செய்யாது. மூன்று நிமிஷத்தில் வானொலியிலும் ஓடவேண்டும், முழு வேதத்தையும் சுமக்கவேண்டும் என்றால் இரண்டில் ஒன்று நசுங்கத்தான் செய்யும்.

விற்பனையைப் பார்த்தால், அமெரிக்கப் பில்போர்ட் ஆல்பப் பட்டியலில் 58-ஆம் இடத்தோடு நின்றது. 'கோயின் ஹோம்', 'லெட் மீ இன்' என்று வெளிவந்த இரண்டு தனிப்பாடல்களும் அங்கே சொல்லிவைத்தாற்போல் 36-ஆம் இடம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளை நினைத்தால் இது சறுக்கல்தான். பிரிட்டன் மட்டும் கைவிடவில்லை. ஆல்பம் 6-ஆம் இடம், 'கோயின் ஹோம்' 4-ஆம் இடம். ஆனால் அதே 1973-இல் அங்கே டானி தனியாகப் பாடிய பழைய காதல் பாட்டுகள் இரண்டு, 'தி ட்வெல்த் ஆஃப் நெவர்', 'யங் லவ்', முதலிடம் பிடித்தன. அண்ணன்கள் பரலோகத் திட்டத்தை விரித்துக்கொண்டிருக்க, தம்பியின் காதல் பாட்டைத்தான் ஊர் வாங்கியது. போதாததற்கு டானிக்குக் குரல் உடையும் வயது, அதனால் ஆல்பத்தில் அவன் முன்னால் வருவதும் குறைவு. சுவரொட்டி ஒட்டிய ரசிகைகளுக்கு இதில் என்ன கிடைக்கும்?

மற்றப் பக்கங்களிலிருந்தும் ஆதரவு வரவில்லை. நீண்ட தலைமுடி ராக் ரசிகர்கள் ஆஸ்மண்ட்ஸ் பெயரைப் பார்த்ததும் தட்டைத் திருப்பி வைத்துவிட்டார்கள். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வந்த வருஷம் வேறு. இயேசுவைப் பற்றிப் பாடும் இளைஞர்கள் பெருகிவந்த காலம்தான், ஆனால் சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் பலர் மார்மன்களைக் கிறிஸ்தவர்களாகவே ஏற்பதில்லை. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் தகுதி, தருவதில்லை என்ற விதியையும் அந்தச் சபை அப்போது வைத்திருந்தது. 1978-இல்தான் அதை நீக்கினார்கள். கறுப்பின இசையின் பாணியில் முதல் வெற்றியைப் பெற்ற பையன்களிடம் இதைப் பற்றிக் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஜாக்சன் 5 பையன்களின் வீட்டிலும் அம்மா கேத்தரின் தீவிர யெகோவா சாட்சி என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. ஆனால் அவர்களுடைய தட்டுகளை வெளியிட்ட மோட்டவுன் நிறுவனத்தில் இப்படி ஒரு ஆல்பம் போட யாரும் விட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆஸ்மண்ட் குடும்பத்தின் மீதிருந்த பற்றினால் மார்மன் சபையைப் பற்றி விசாரித்து, பிறகு அதில் சேர்ந்த ரசிகைகள் பிரிட்டனில் இருந்தார்கள். லிவர்பூலில் மார்மன் ஊழியர்கள் 1837-இலேயே வந்து இறங்கியவர்கள், அதனால் கதவு தட்டினால் திறக்க அங்கே ஒரு சபை தயாராகவே இருந்தது. ஊழியம் என்று பார்த்தால் அண்ணன்கள் தோற்றுப்போகவில்லை. பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அடுத்த வருஷமே பின்வாங்கிவிட்டார்கள். 1974-இல் வந்த 'லவ் மீ ஃபார் எ ரீசன்' ஜானி பிரிஸ்டல் எழுதிய காதல் பாட்டு, பிரிட்டனில் முதலிடம். அதன்பின் 1976-இல் டானியும் தங்கை மேரியும் நடத்திய 'டானி அண்ட் மேரி' தொலைக்காட்சி நிகழ்ச்சி, பனிச்சறுக்கு, பளபளப்பு உடைகள். குழு அந்த இரண்டு பேருக்குப் பின்னால் நிற்கும் குழுவாக ஆகிவிட்டது. ஆலனும் வெய்னும் 2025-இல் காலமாகிவிட்டார்கள்.

கேட்கலாமா என்றீர்கள். கேட்கலாம், ஆனால் முதல் பாட்டிலிருந்து தொடங்கவேண்டாம். 'கிரேஸி ஹார்ஸஸ்' ஒருதடவை, இவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று காது நம்புவதற்கு. பிறகு 'லெட் மீ இன்', காதல் பாட்டாகவே கேளுங்கள், தப்பில்லை. மறுநாள் மேலே சொன்ன பரலோகச் சபை, விழும் திரை, திரும்பவேண்டிய வீடு மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு தட்டைத் தொடக்கத்திலிருந்து ஓடவிடுங்கள். 'பிஃபோர் தி பிகினிங்' வரும்போது ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அண்ணன் தம்பிக் குரல்கள் ஒன்றோடொன்று எப்படி இழைகின்றன என்று அதில்தான் நன்றாகத் தெரியும். 'மிரர், மிரர்' மட்டும் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.